தலைவருக்குத் தலைவர் சொல்லும் பாடம்

1990களின் பிற்பகுதியில் குத்தம்பாக்கம் ஊராட்சியில் ஒரு வடிகால் கட்ட வேண்டியிருந்தது. திருவள்ளூர் மாவட்டம் பூந்தமல்லி ஒன்றியத்தில், பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் அது. அரசு மதிப்பீட்டின்படி கல் வெளியிலிருந்து வரவேண்டும். கல்லுக்கு விலை, லாரிக்கு வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி என்று தொகை ஏறிக்கொண்டே போகும். ஊருக்கு அருகிலேயே கிரானைட் மெருகிடும் ஆலைகள் கழித்துப்போட்ட கற்கள் குவிந்து கிடந்தன. ஊராட்சித் தலைவர் இளங்கோ ரங்கசாமி அந்தக் கற்களை எடுத்துவந்து, உள்ளூர் ஆட்களைக் கொண்டே வேலையை முடித்தார். மிச்சப்பட்ட பணம் கூலியாக ஊருக்குள் தங்கியது. ஆனால் மதிப்பீட்டில் எழுதியிருந்த பொருள் வேறு, போட்ட பொருள் வேறு. அதுவே குற்றச்சாட்டாகி அவரைப் பதவியிலிருந்து நிறுத்திவைத்தார்கள். கிராமசபை கூடியது. மக்கள் திரண்டு தலைவர் பக்கம் நின்றார்கள். கடைசியில் உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டு அவர் மீண்டும் பொறுப்பேற்றார்.

அதிகாரப் பரவலாக்கம் குறித்து நாடுகளுக்கு இடையே இயங்கும் கற்றல் வலையமைப்புகளை எடைபோட இந்த வடிகாலே போதும் என்பது என் எண்ணம். அதைப் பார்க்க ஓர் ஆய்வாளர் வந்தால் செலவு எவ்வளவு குறைந்தது, எத்தனை மனித உழைப்பு நாட்கள் உருவாயின என்று கேட்பார். இன்னொரு ஊராட்சியின் தலைவர் வந்தால் அந்தக் கேள்விகளைச் சீக்கிரம் முடித்துவிடுவார். அவருக்குத் தெரியவேண்டியது வேறு: நோட்டீஸ் வந்த அன்று என்ன செய்தீர்கள், பொறியாளர் அளவுப் புத்தகத்தில் என்ன எழுதினார், கிராமசபைக்கு ஆட்களைத் திரட்டியது யார், தீர்மானத்தை எந்த வார்த்தைகளில் எழுதினீர்கள், வார்டு உறுப்பினர்களில் யார் கழன்றுகொண்டார்கள். இந்தக் கேள்விகளுக்கு எந்தக் கையேட்டிலும் பதில் கிடையாது. அதே நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு மட்டுமே பதில் தெரியும். கேட்கவேண்டிய கேள்வி இதுதான் என்பதும் அவருக்கு மட்டுமே தெரியும்.

இளங்கோ குத்தம்பாக்கத்திலேயே பிறந்தவர், தலித் குடும்பத்தைச் சேர்ந்தவர். வேதிப் பொறியியல் படித்து, அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தில் விஞ்ஞானியாக இருந்தார். அந்த வேலையை விட்டு ஊர் திரும்பி, 1996 உள்ளாட்சித் தேர்தலில் வென்று, 2006 வரை இரண்டு முறை தலைவராக இருந்தார். கள்ளச்சாராயத்தைப் பிழைப்பாகக் கொண்டிருந்த குடும்பங்களுக்கு மாற்று வேலை தேடிக்கொடுத்தது, உள்ளூர் மண்ணிலேயே அழுத்தக் கற்கள் செய்து வீடு கட்டியது என்று அவர் செய்தவை பல. அவற்றில் அதிகம் பேசப்பட்டது சமத்துவபுரம். 1997இல் மு. கருணாநிதி அரசு அறிவித்த அந்தத் திட்டத்தில் எல்லாச் சாதியினருக்கும் தனித்தனி வீடுகள் அடுத்தடுத்து அமையும். குத்தம்பாக்கத்தில் வடிவத்தையே மாற்றினார்கள். ஒரு சுவரைப் பொதுவாகக் கொண்ட இரட்டை வீடுகள். ஒரு பாதியில் தலித் குடும்பம், மறுபாதியில் வேறு சாதிக் குடும்பம். இப்படி 50 இரட்டை வீடுகள், மொத்தம் 100 குடும்பங்கள். இவற்றைப் பார்க்கப் பிற மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

2001இல் இளங்கோ 'பஞ்சாயத்து அகாடமி'யைத் தொடங்கியபோது அதன் அடிப்படை எளிமையானது: ஊராட்சித் தலைவர்களுக்கு ஊராட்சித் தலைவர்களே சொல்லிக்கொடுப்பது. மறைமலை நகரில் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் இருக்கிறது. காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் க. பழனித்துரை போன்றவர்கள் உள்ளாட்சி பற்றித் தமிழில் விடாமல் எழுதிவந்தார்கள். பயிற்சிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே பாடம் மேலிருந்து கீழே வரும்: சட்டம் இன்னது, பதிவேடு இன்னது, கடமை இன்னது. சக தலைவர் பேசும்போது இவை எதுவும் மாறுவதில்லை. கேட்பவரின் முதுகு நிமிர்கிறது. அந்த நிமிர்வைத்தான் நான் கற்றல் என்று எடுத்துக்கொள்கிறேன். அதன்பிறகே மற்றவை.

உலக அளவில் இத்தகைய வலையமைப்புகள் புதியவையல்ல. உள்ளாட்சிகளின் பன்னாட்டு ஒன்றியம் 1913இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் உருவானது. 2004இல் அது வேறு அமைப்புகளோடு இணைந்து, பார்சிலோனாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஐக்கிய நகரங்கள் மற்றும் உள்ளாட்சிகள் அமைப்பானது. ஆசிய நகரங்களுக்கு 1987இலிருந்து சிட்டிநெட். காமன்வெல்த் நாடுகளுக்கு 1995இலிருந்து ஒரு மன்றம். சுவிட்சர்லாந்து அரசின் வளர்ச்சி ஒத்துழைப்பு அமைப்பின் ஆதரவோடு தெற்காசிய, கிழக்காசிய நாடுகளை இணைத்த 'லாகின்' வலையமைப்பு, சக அனுபவத்திலிருந்து கற்பதையே தன் முறையாக அறிவித்துக்கொண்டது. இவற்றின் கூட்டங்களில் அமைச்சக அதிகாரிகள் இருப்பார்கள், பயிற்சி நிறுவன இயக்குநர்கள், நிதி வழங்குவோர், தொண்டு நிறுவனத்தார், மாநகர மேயர்கள் இருப்பார்கள். கிராம ஊராட்சித் தலைவர் இருந்தால் பெரும்பாலும் மேடையில் இருப்பார், தன் ஊர்க் கதையைச் சொல்லிப் பாராட்டுப் பெற்றுத் திரும்ப. பத்து நிமிடம் பேசிய அவரிடம், அவரைப்போலவே நெருக்கடியில் இருக்கும் இன்னொரு தலைவர் தேநீர் இடைவேளையில் எதையும் கேட்பதில்லை. அப்படி ஒருவர் அந்த அறையிலேயே இருப்பதில்லை.

அனுபவம் எல்லை தாண்டும்போது எது தொலைகிறது என்பதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே. 1989இல் அந்த நகரம் பங்கேற்பு வரவுசெலவுத் திட்டத்தைத் தொடங்கியது. வட்டார மக்கள் கூடி எந்தத் தெருவுக்குச் சாக்கடை, எந்தப் பகுதிக்குப் பள்ளி என்று முடிவெடுப்பார்கள். நகராட்சி அதை நிறைவேற்றும். இன்று ஆயிரக்கணக்கான ஊர்கள் அந்தப் பெயரில் ஏதோ ஒன்றை நடத்துகின்றன. அந்தப் பரவலை ஆராய்ந்த ஜான்பாவ்லோ பையோக்கி, எர்னெஸ்தோ கனுசா இருவரும் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார்கள். போர்ட்டோ அலெக்ரேயில் மக்கள் கூட்டம் ஒரு பாதிதான். மறுபாதி நிர்வாக மாற்றம்: திட்டமிடும் அலுவலகம் மேயரின் நேரடிப் பொறுப்புக்கு வந்தது, துறைகள் மக்கள் முடிவுக்குக் கட்டுப்பட்டன, பணம் அந்த முடிவின் வழியே நகர்ந்தது. உலகம் சுற்றியபோது கூட்டம் போடும் முறை மட்டும் ஊர் ஊராகப் போனது, அந்த மறுபாதி கிளம்பிய இடத்திலேயே நின்றுவிட்டது. பல ஊர்களில் மக்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். முடிவெடுக்க அவர்கள் முன்னால் இருந்ததோ சிறு தொகை.

கேரளம் 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு என்று முதலில் ஒதுக்கிவிட்டு, பிறகு கற்றுக்கொள்ளுங்கள் என்றது. கையில் பணம் வந்தபின் கற்காமல் இருக்க முடியாது. திருச்சூர் அருகே இருக்கும் கேரள உள்ளாட்சி நிர்வாக நிறுவனம் வெளிநாட்டினர் வந்து படிக்கும் இடமாக வளர்ந்ததற்கு அந்த ஒதுக்கீடே காரணம் என்பேன். பிற்பாடு கேரளப் பெண்களின் சுயஉதவிக் குழுக்களின் அமைப்பான குடும்பஸ்ரீ, அனுபவமுள்ள தன் பெண்களையே பிற மாநிலங்களுக்கு வழிகாட்டிகளாக அனுப்பியது. தங்கள் ஊரில் குழு நடத்திக் கைத்தேர்ச்சி பெற்ற பெண்கள், மொழி தெரியாத ஊரில் போய்த் தங்கி அங்குள்ள பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

எல்லை தாண்டிய கற்றலில் நான் மிகவும் மதிக்கும் நிகழ்வை நடத்தியவர்கள் அரசோ பல்கலைக்கழகமோ அல்ல, மும்பை நடைபாதைவாசிகள். அதன் நடுவில் இருந்தவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். மும்பை ஜனதா காலனியில் குடியிருந்து, 1976இல் அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டதைப் பார்த்தவர். தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பைக் கட்டியவர். 1980களில் பைகுல்லாவின் நடைபாதைப் பெண்கள் 'மகிளா மிலன்' என்ற பெயரில் திரண்டார்கள். நாள்தோறும் சில ரூபாய் சேமித்தார்கள். தங்களைத் தாங்களே கணக்கெடுத்தார்கள். தங்களுக்கு வேண்டிய வீட்டை வரைபடமாகக் காட்டாமல் துணியும் மூங்கிலும் கொண்டு அசல் அளவிலேயே நிறுத்திக் காட்டினார்கள். உள்ளே நுழைந்து, படுத்துப் பார்த்து, கைநீட்டி அடுப்படி எங்கே வரவேண்டும் என்று சொல்லலாம். கூரையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினால் பரண் போடலாம், அதில் பிள்ளைகள் தூங்கலாம் என்ற யோசனையெல்லாம் இப்படி உள்ளே நின்று பார்த்தபோது வந்தவை.

1991இல் ஜோக்கின் தென்னாப்பிரிக்கா போனார். நிறவெறி ஆட்சி சரிந்துகொண்டிருந்த நேரம். மண்டேலா வருகிறார், வீடு தானாக வரும் என்ற நம்பிக்கை குடிசைப் பகுதிகளில் நிறைந்திருந்தது. இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்து நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் நாங்கள் நடைபாதையில்தான் இருக்கிறோம், நீங்களே திரளாவிட்டால் உங்களுக்கும் இதுதான் நடக்கும் என்பது அவர் அங்கே கொண்டுபோன செய்தி. அதைத் தொடர்ந்து பெண்கள் இரு பக்கமும் பயணம் செய்தார்கள். சேமிப்பும் கணக்கெடுப்பும் துணி வீடும் தென்னாப்பிரிக்காவுக்குப் போயின. 1994இல் அங்கே வீடற்றோர் கூட்டமைப்பு உருவானது. 1996இல் பல நாடுகளின் குடிசைவாசி அமைப்புகள் சேர்ந்து பன்னாட்டு அமைப்பொன்றைத் தொடங்கின. 2000இல் மகசேசே விருது பெற்ற ஜோக்கின் 2018இல் மறைந்தார்.

அந்தப் பாடங்கள் அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு என்ன காரணம்? சேமிப்பைத் தொடங்க யாரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. ஊர் திரும்பிய மறுநாள் காலையிலேயே தொடங்கலாம். பார்த்ததற்கும் செய்துபார்ப்பதற்கும் நடுவில் எந்த அலுவலகமும் குறுக்கே நிற்கவில்லை.

நம் ஊராட்சித் தலைவருக்கு அந்த வசதி கிடையாது. வேலைக்கு மதிப்பீடு வேண்டும், நிர்வாக ஒப்புதல் வேண்டும், தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டும். திட்டப் பணம் வடிவத்தோடும் அளவோடும் வருகிறது. 15வது நிதிக்குழு ஊரக உள்ளாட்சிகளுக்குக் கொடுத்த மானியத்திலேயே 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்டது. நோக்கம் நல்லதுதான், ஆனாலும் வேறோர் ஊரில் பார்த்துவந்த ஒன்றைச் செய்துபார்க்க மிஞ்சும் இடம் சிறுத்துப்போகிறது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் 205ஆம் பிரிவு தலைவரைப் பதவிநீக்கும் நடைமுறையை மாவட்ட ஆட்சியர் கையில் வைத்திருக்கிறது. 203ஆம் பிரிவு அவருக்கு அவசர அதிகாரம் தருகிறது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்து, அதன் அட்டவணையில் 29 துறைகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தும், அதிகாரத்தின் உண்மையான எல்லையைத் தலைவர்கள் உணர்வது இந்த இரண்டு பிரிவுகளை மனதில் வைத்துத்தான்.

ஆகவே, நல்ல முன்மாதிரி ஏன் பரவவில்லை என்ற வழக்கமான புலம்பலுக்கு, பக்கத்து ஊர்க்காரர்கள் சோம்பேறிகள் என்பது விடையாகாது. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். ஆர். சண்முகம் தலைவராக இருந்தபோது, 2006இல், ஊராட்சியின் பெயரிலேயே 350 கிலோவாட் காற்றாலை நிறுவினார்கள். செலவு 1 கோடியே 55 லட்சம் ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். காற்று வளமான உடுமலை வட்டாரத்தில் காற்றாலை, அதில் வரும் மின்சாரம் மின்வாரியத்துக்கு, வருமானம் ஊராட்சிக்கு. உலக வங்கிக்காரர்களும் பல நாட்டுப் பிரதிநிதிகளும் போய்ப் பார்த்தார்கள். ஆனால் தமிழ்நாட்டில் ஊராட்சிக் காற்றாலைகள் வரிசையாக முளைத்துவிடவில்லை. பார்வையாளர்கள் காற்றாலையைப் பார்த்தார்கள். நான் அந்த 40 லட்சத்தைப் பார்க்கிறேன். யாரும் நிபந்தனை போடாத, ஊராட்சி தானே திரட்டிய பணம் அது. அது இல்லாத ஊரிலிருந்து வருபவருக்கு ஓடந்துறை ஒரு நல்ல சுற்றுலா, அவ்வளவுதான்.

சொந்தப் பணம் என்ற இந்த இடத்தில்தான் மணவாள நகர் வருகிறது. திருவள்ளூர் ரயில் பாதைக்கு மறுபக்கம், ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கடைகளும் கல்யாண மண்டபங்களும் வாடகை வீடுகளும் நெருக்கியடிக்கும் இந்தப் பகுதிக்குப் புதிதாக வருகிறவர் இதை ஊராட்சி என்று நம்பமாட்டார். ஷிப்ட் முடிந்து தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும் நேரத்தில் அது முழு நகரம். ஆனால் அது வளர்ந்தது கடம்பத்தூர் ஒன்றியம் வெங்கத்தூர் ஊராட்சியின் பகுதியாக. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றிய ஊராட்சிகளுக்கும் ஏறக்குறைய இதே நிலைமை. குப்பை நகர அளவில் சேர்கிறது, கழிவுநீர் நகர அளவில் ஓடுகிறது, நிர்வாகத்துக்கோ ஒரு தலைவர், ஒரு செயலர், சில தூய்மைப் பணியாளர்கள். மானியம் மக்கள்தொகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்தக் கணக்கோ 2011இல் எடுத்தது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஒரே அறையில் பலராகத் தங்கும் தொழிலாளிகள் இந்த ஊரின் தண்ணீரைக் குடிக்கிறார்கள், இந்த ஊரின் கடைகளை வாழவைக்கிறார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாததால் கிராமசபையில் அவர்களுக்கு இடமில்லை.

இன்னொரு பக்கம், வறண்ட மாவட்டத்து ஊராட்சிக்கு இல்லாத ஒன்று இந்த ஊராட்சிகளுக்கு உண்டு. தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு வீட்டுவரி, அங்கே சம்பளம் வாங்குவோரிடம் தொழில்வரி. தமிழ்நாட்டில் இவற்றை வசூலிப்பது கிராம ஊராட்சியே. ஒழுங்காக மதிப்பிட்டு ஒழுங்காக வசூலித்தால், நிபந்தனையில்லாத சொந்தப் பணம் கையில் இருக்கும். கற்றதைச் செய்துபார்க்க வாய்ப்புள்ள ஊராட்சிகள் என்று தமிழ்நாட்டின் வரைபடத்தில் குறிக்கச் சொன்னால் நான் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி, ஸ்ரீபெரும்புதூர் பகுதிகளைத்தான் முதலில் குறிப்பேன். ஆனால் வலையமைப்புகளின் களப்பயணங்கள் இங்கே வருவதில்லை. அவை ஏரியும் ஆலமரமும் உள்ள ஊரைத் தேடுகின்றன. புகைப்படத்துக்கு அழகான ஊரும், பாடத்துக்குப் பயனுள்ள ஊரும் பெரும்பாலும் ஒன்றாக அமைவதில்லை.

வெங்கத்தூருக்குச் சக ஊர் எது? நீலகிரியின் மலைக் கிராமம் அல்ல. வங்காளதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் சூழ்ந்த காசிப்பூரின் யூனியன் பரிஷத்துகள். இந்தோனேசியாவில் ஜகார்த்தாவை ஒட்டிய பெகாசியின் தொழிற்பேட்டைக் கிராமங்கள். அங்கேயும் சட்டப்படி கிராமம், நடைமுறையில் நகரம். இந்தோனேசியா 2014இல் கொண்டுவந்த கிராமச் சட்டத்தின்படி மத்திய அரசின் பணம் கிராமங்களுக்கு நேரடியாகவே போகிறது. கேரளத்தின் பெருமாட்டி ஊராட்சியிடமும் கற்கலாம். 2003இல் பிளாச்சிமடை கொக்கோ-கோலா ஆலைக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த ஊராட்சி அது. வழக்கு உயர்நீதிமன்றம் போனது. 2004இல் ஆலை நின்றது. நிலத்தடி நீரை ஆலையோடு பங்குபோட்டுக்கொள்ளும் ஒரு ஊராட்சித் தலைவருக்கு, உரிமக் கோப்பை முதன்முதலாகத் திறந்த பெருமாட்டி உறுப்பினர் ஒருவர் சொல்லும் ஒரு மணி நேரப் பேச்சு, எந்தச் சான்றிதழ் வகுப்பையும்விடப் பெரிது.

வங்காளதேசம் 2007இல் தொடங்கிய கிடைமட்டக் கற்றல் திட்டத்தை நம்மவர்கள் கூர்ந்து படிக்கவேண்டும். அரசு, தேசிய உள்ளாட்சிப் பயிற்சி நிறுவனம், உலக வங்கியின் குடிநீர் சுகாதாரப் பிரிவு எல்லாம் துணையிருந்தன. ஆனால் பாடத்தைத் தேர்ந்தெடுத்தது அவை அல்ல. யூனியன் பரிஷத் தலைவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் நன்றாக நடந்த ஒன்றைச் சக தலைவர்கள் முன் வைப்பார்கள். எதைப் போய்ப் பார்ப்பது என்று மற்றவர்கள் தீர்மானிப்பார்கள். போய்ப் பார்த்தபின் அதைத் தம் ஊரில் செய்ய விரும்பினால் தம் சொந்த வரவுசெலவுத் திட்டத்திலிருந்து பணம் ஒதுக்கவேண்டும். ஆர்சனிக் கலந்த நீரைச் சோதிப்பது, முழுச் சுகாதாரம், மக்கள் முன்னிலையில் வரவுசெலவுக் கணக்கு வாசிப்பது போன்றவை இப்படிப் பரவின. சொந்தப் பணத்தை வைக்கவேண்டும் என்ற அந்த ஒரு விதி எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. பிறர் காசில் பார்ப்பதற்கு எல்லாமே நன்றாக இருக்கும். தன் காசு போகிறது என்றால் தலைவர் கேட்கும் கேள்விகள் கூர்மையாகும்.

இதுவரை பணத்தையும் ஒப்புதலையும் பற்றிப் பேசினேன். தமிழ்நாட்டில் இன்னொரு தடை இருக்கிறது. அது பன்னாட்டு அறிக்கைகளில் பெரும்பாலும் 'சமூகச் சூழல்' என்ற மெல்லிய சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. கும்மிடிப்பூண்டி ஒன்றியம் ஆத்துப்பாக்கம் ஊராட்சியில் 2020 ஆகஸ்ட் 15 அன்று, மக்கள் தேர்ந்தெடுத்த தலித் பெண் தலைவர் தேசியக் கொடியை ஏற்றவிடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளிவந்து பெரிய கண்டனம் எழுந்த பிறகு, சில நாட்களில் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே எல்லா மாவட்டங்களுக்கும் இதுபற்றிக் கடிதம் எழுதவேண்டியிருந்தது. 1997இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன், தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பதவியில் உட்கார்ந்ததற்காகவே கொல்லப்பட்டார் என்பதை மறந்துவிட்டுத் தமிழ்நாட்டில் உள்ளாட்சி பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

கொடி ஒரு நாள் விவகாரம். அன்றாடப் போராட்டம் காசோலையில் நடக்கிறது. ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவர், துணைத்தலைவர் இருவர் கையொப்பமும் வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவிக்கு இட ஒதுக்கீடு உண்டு, துணைத்தலைவர் பதவிக்கு இல்லை. தலைவர் பதவி தலித் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில், துணைத்தலைவர் பதவியைப் பிடித்துக்கொண்டு கையொப்பமிட மறுப்பது நன்கு தெரிந்த உத்தி. தெருவிளக்குக்கான பணம் நிற்கும், பம்ப் மோட்டார் பழுதுக்கான பணம் நிற்கும், பிறகு இந்த அம்மாவுக்கு நிர்வாகம் தெரியவில்லை என்ற பேச்சு கிளம்பும். இந்தக் கட்டத்தைக் கடந்துவந்த ஒரு பெண் தலைவர், இன்னும் அதில் சிக்கியிருக்கும் இன்னொருவரிடம் சொல்லக்கூடியவை பல. எந்தத் தேதியில் கடிதம் கொடுக்கவேண்டும், ஒப்புகை வாங்காமல் ஏன் திரும்பக்கூடாது, வட்டார வளர்ச்சி அலுவலர் தட்டிக்கழித்தால் அடுத்து எங்கே போகவேண்டும், கிராமசபைத் தீர்மானத்தில் மறுப்பை எப்படிப் பதிவு செய்யவேண்டும் என்பவை அவற்றில் அடங்கும். தென்னாப்பிரிக்காவிலும் நேபாளத்திலும் பெண் உறுப்பினர்கள் இதைப்போன்ற மறுப்புகளோடு மல்லுக்கு நிற்கிறார்கள். பன்னாட்டு வலையமைப்பு என்று ஒன்று உண்மையில் தேவைப்படும் இடம் எனக்கு இதுவாகவே தெரிகிறது. சிறந்த நடைமுறைகளின் தொகுப்பு பின்னால் வரலாம்.

கற்றவர் உட்காரும் நாற்காலியே இல்லாமல் போவது இன்னொரு அவலம். 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தல் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பால் நின்றது. அதன்பின் மூன்று ஆண்டுக்கு மேல் தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினார்கள். 2019 டிசம்பரில் திருவள்ளூர் உள்ளிட்ட மாவட்டங்களில் தேர்தல் நடந்தது. அப்போது தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. தேர்தல் வராமலே திரும்பவும் தனி அலுவலர்கள் வந்தார்கள். இலங்கையில் 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலை நிதி இல்லை என்று ஒத்திவைத்தார்கள்; யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் பிரதேச சபைகளைச் செயலாளர்கள் நடத்த, 2025 மே 6இல்தான் வாக்களிப்பு நடந்தது. நேபாளத்தில் 1997இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2002இல் முடிந்தபின், அடுத்த தேர்தல் 2017இல்தான் வந்தது. 753 உள்ளாட்சிகளில் ஏராளமானவர்கள் முதன்முறையாக அந்த இருக்கையில் உட்கார்ந்தபோது, கேட்டுத் தெரிந்துகொள்ள முந்தைய தலைமுறையே கண்ணுக்கு எட்டவில்லை.

இத்தனை ஆண்டுகளிலும் பன்னாட்டுக் கருத்தரங்குகள் நிற்கவில்லை. தலைவர் இல்லாத இடத்தில் அதிகாரி வந்து உட்கார்ந்தார், கூட்டம் நடந்தது. இதை நான் கடுமையாகவே பார்க்கிறேன். தேர்தல் நடத்தாத அரசின் அதிகாரிகளோடு அதிகாரப் பரவலாக்கம் பற்றி அனுபவம் பரிமாறுவது, இல்லாத ஒன்றை இருப்பதுபோல் காட்டத் துணைபோவதாகும். ஒரு வலையமைப்பு தன் உறுப்பு நாடுகளிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, உங்கள் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக எப்போது நடந்தது என்பதே. அதைக் கேட்டால் நிதிக்கும் நட்புக்கும் பங்கம் வரும் என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் கேட்டாகவேண்டும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் 14 ஒன்றியங்கள், 526 கிராம ஊராட்சிகள். 2020 ஜனவரியில் பொறுப்பேற்றவர்கள் பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே கொரோனா வந்தது. தொழிற்சாலைகள் மூடி, வடமாநிலத் தொழிலாளிகள் அறைகளில் சாப்பாடில்லாமல் அடைபட்டபோது, எங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்த ஆட்களாக இருந்தவர்கள் வார்டு உறுப்பினர்களும் செயலர்களும் தூய்மைப் பணியாளர்களுமே. முழு ஐந்தாண்டு அனுபவம் அது. தீர்மானப் புத்தகங்கள் அலுவலக அலமாரியில் இருக்கின்றன. அந்தத் தீர்மானம் ஏன் அப்படி எழுதப்பட்டது, எந்த வேலை யாரால் நின்றது, தொழிற்சாலையிடம் பாக்கி வரியை எப்படி வாங்கினார்கள் என்பவை அவரவர் மனதில் மட்டும் இருக்கின்றன. அடுத்து வருகிறவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். இட ஒதுக்கீட்டுச் சுழற்சியில் பதவி கைமாறும் நாட்டில் இந்த இழப்பு ஒவ்வொரு சுழற்சியிலும் நடக்கிறது, அதுவும் பெண்களுக்கும் தலித்துகளுக்குமே அதிகமாக.

கடம்பத்தூர், கும்மிடிப்பூண்டி ஒன்றியங்களில் அந்த ஐந்து ஆண்டு தலைவர்களாக இருந்தவர்களை, அடுத்த தேர்தல் அறிவிப்பு வருமுன் ஓர் அறையில் உட்காரவைக்கலாம். போட்டியிட நினைக்கும் பெண்களையும், முதல் வாக்குக்குக் காத்திருக்கும் பிள்ளைகளையும், குத்தம்பாக்கத்திலிருந்து இரட்டை வீட்டுக்காரர் ஒருவரையும், பெருமாட்டியிலிருந்து ஒருவரையும் கூப்பிடலாம். மொழிபெயர்க்க ஆள் கிடைத்தால் காசிப்பூரிலிருந்தும் ஒருவரை அழைக்கலாம். அதிகாரிகள் வந்தால் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். இதற்கு மதிப்பீடோ தொழில்நுட்ப ஒப்புதலோ தேவையில்லை. ஒரு மண்டபமும் மதியச் சாப்பாடும் வேண்டும், மணவாள நகரில் இரண்டுமே கிடைக்கும்.